தைலப் பெட்டியில் ஏறாத எழுத்து

டயர் கடையின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படிக்கட்டு ஏறும். மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, சுவர் முழுக்க ஒட்டிய காகிதங்கள் இவற்றுக்கு நடுவே ஒருத்தி எழுத்து வரைந்துகொண்டிருந்தாள். கதை, கட்டுரை எழுதுவது அல்ல, எழுத்தையே வரைவது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உடம்பு கொடுத்து, எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரியும்படி செய்து, கணினியில் தட்டினால் வரும்படி அடைத்துக் கொடுப்பது. கடைப் பலகையிலும் சோப்பு உறையிலும் மருந்துப் பெட்டியிலும் நாம் படிப்பது இப்படி யாரோ ஒருவர் வரைந்ததைத்தான். அந்த யாரோ ஒருவரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. கடிக்காத செருப்பைப் பற்றி நடக்கிறவன் நினைப்பதில்லையே.

கீழே டயர் கடைக்காரர்கள் அவளுக்கு எழுத்தம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எழுத்தம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு எழுத்தே எழுதிட்டு இருப்பீங்க? நாங்கல்லாம் ஒண்ணாங் கிளாஸ்லயே முடிச்சிட்டோம்."

"அதான் உங்க போர்டுல 'பஞ்சர்'ங்கிற வார்த்தையே பஞ்சராகிக் கிடக்கு."

அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஆடும் இரண்டாவது படியைத் தாண்டி மேலே போவாள். கணவர் பிரிந்து போனது வேறு கதை, அது இங்கே வேண்டாம். வீட்டில் அம்மா மட்டும்.

அவளுடைய முதல் எழுத்து இளமையில் செய்தது. ஒரு பைக் கடைக்காக, அதாவது பள்ளிக்கூடப் பைகள் விற்கும் கடைக்காக, விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி துள்ளும் எழுத்தாக வரைந்தாள். அச்சகத்தில் கேட்டார்கள் என்று ஒரு பிரதி கொடுத்தாள். அச்சகத்திலிருந்து அது ஸ்டிக்கர் வெட்டுகிறவருக்குப் போனது, அங்கிருந்து ஃபோட்டோ கடைக்கு, அங்கிருந்து எங்கும். அடுத்த வருஷம் ஒரு கழிவுநீர் லாரியின் முதுகில் அது துள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். பிறகு சுவர்களில்: 'இங்கே குப்பை கொட்டாதே.' பைக் கடைக்காரர் கூப்பிட்டு, "எங்களுக்குன்னு செஞ்சதுன்னு சொன்னியேம்மா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அன்றிலிருந்து அவள் எந்த அச்சகத்துக்கும் எழுத்தின் பிரதி கொடுத்ததில்லை. இந்தப் பிடிவாதம்தான் பின்னால் அவள் காலை வாரியது. அப்போது அது நியாயமான பாடம் என்றே பட்டது. பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களில் இதுதான் சிக்கல்: அவை பழைய காயத்துக்குச் சரியாக இருக்கும்.

எழுத்து வரைவதில் சோறு வேகாது. அதனால் பெட்டி, உறை, துண்டுப் பிரசுரம் என்று வடிவமைத்துக் கொடுத்தாள். அவளுடைய நிலையான வாடிக்கை ஒரு தைலக் கம்பெனி. தலைவலி, மூட்டுவலிக்குத் தடவுகிற தைலம். பச்சைப் பெட்டி. பெட்டியில் இருந்த எழுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அதே எழுத்தில்தான் எலி மருந்து வந்தது, ஷூ பாலிஷ் வந்தது, டியூஷன் விளம்பரம் வந்தது, மின்கம்பத்தில் 'காணவில்லை' அறிவிப்பும் வந்தது.

கம்பெனி முதலாளியிடம் இதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் அதை இன்னொன்றோடு வைத்து எடைபோடும் பழக்கம் மட்டும் உண்டு.

"இந்த எழுத்துக்கு என்னம்மா குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல சார். எல்லார்கிட்டயும் இருக்கு. அதான்."

"தண்ணிகூட எல்லார்கிட்டயும் இருக்கு."

"நீங்க தண்ணி விக்கலையே சார்."

"நீ கேக்குற காசுக்கு ஒரு டெலிவரி வேன் வாங்கலாம். வேன் ஓடும். எழுத்து ஓடுமா?"

அதன் பிறகு வேன் என்பது அவர்களுக்குள் ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. "என்னம்மா, இன்னிக்கும் வேன் பத்திப் பேச வந்தியா?" என்பார். ஒருநாள் அவள் ஒரு வித்தை காட்டப் பார்த்தாள். தைலம், எலி மருந்து, பாலிஷ் என்று ஒரே எழுத்தில் வந்த பெட்டிகளை வாங்கி, பெயரின் பாதியையும் படங்களையும் காகிதம் ஒட்டி மறைத்து, அவர் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"இதுல உங்களது எது சார்?"

அவர் யோசிக்கவே இல்லை. விரலை வைத்தார். "இது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பச்சை."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியின் அக்காதான் அதிகம் சிரித்தாள். கம்பெனியில் அவளைப் பெரியக்கா என்பார்கள். பெட்டியில் என்ன வாசகம் வர வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கடைசி நிமிஷத்தில் ஒரு வார்த்தையை மாற்றாமல் அவள் எந்தப் பெட்டியையும் அச்சுக்கு விட்டதில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், எழுத்தம்மாவின் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். புதிதாக வரைந்துகொண்டிருந்த எழுத்தில், பெட்டியின் பின்பக்கத்து வாசகத்தை அதே பொடி அளவில் அச்சடித்துப் பார்த்த மாதிரித் தாள்.

"கண்ணிலும் புண்ணிலும் படாமல் தடவவும். சிறு குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் முன் மருத்துவரைக் கேட்கவும்..." சத்தமாகப் படித்துக்கொண்டே போனவள் திடீரென நிறுத்திவிட்டுத் தலையைத் தடவினாள். மூக்குக் கண்ணாடி தலைமேல் இருந்தது.

"டேய், கண்ணாடி போடாம படிச்சேன்டா!"

"சும்மா சொல்லாதக்கா. உனக்கு மனப்பாடம்."

"எழுதுனது நான்தான், ஆனா மனப்பாடமா? இப்ப என்ன சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல."

முதலாளி பழைய பெட்டியை நீட்டினார். அவள் கையை நீட்டி, மடக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். புதிய காகிதத்தை மறுபடி படித்தாள், கீழிருந்து மேலாக. தன் அக்கா கண்ணாடி இல்லாமல் எதையும் படித்து அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

அப்படித்தான் ஓர் ஏற்பாடு வந்தது. எழுத்தம்மா முதலில் ஒரே ஒரு தடிமனில் எழுத்தை முடித்துத் தர வேண்டும். அதை வைத்து ஒரு பெட்டி அச்சாகும். அந்தப் பெட்டி ஓர் ஊர்க் கடைகளுக்கு மட்டும் போகும். பக்கத்து ஊருக்குப் பழைய பெட்டி. ஒரு பருவம் ஓடட்டும். வித்தியாசம் தெரிந்தால் கம்பெனி அதைத் தன் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தடித்தது, மெலிந்தது, பலகைக்கு, விளம்பரத்துக்கு என்று மிச்சத்தையும் அவள் வரையலாம். தெரியாவிட்டால் இல்லை.

அவளுக்கு இது கடைசி வாய்ப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் கணக்கில் அப்படித்தான் இருந்தது. மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. ஓர் எழுத்தை முழுக் குடும்பமாக வரைந்து முடிக்க வருஷங்கள் ஆகும். யாராவது ஒருவர் அதை வேண்டும் என்று சொன்னால்தான் அந்த வருஷங்கள் கிடைக்கும். இல்லாவிட்டால் அது ஒற்றைக் கால் மேசை.

அது பேரழகான எழுத்து என்று நான் சொல்ல மாட்டேன். 'ழ'வின் வால் தேவைக்கு மேல் நீளம். 'ஐ' கொஞ்சம் வயிறு தள்ளி நிற்கும். ஆனால் பொடி அளவில் நம் எழுத்துகளுக்கு என்னென்ன ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'ண'வின் சுழிகள் மை குடித்து அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிவிடும், அல்லது மேலே ஏறி முந்தின வரியின் சொத்தாகிவிடும். துணைக்காலும் 'ர'வும் அடையாளம் தெரியாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவள் சுழிகளை அகலமாகத் திறந்துவைத்தாள். 'ர'வின் பாதத்தை இடதுபக்கம் நன்றாக மடக்கினாள். புள்ளிக்குச் சரியான உயரம் தேடி ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. பெருக்கிப் பார்த்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். சுருக்கிப் பார்த்தால் மூச்சு விடும். அடக்கமான வேலை.

பெட்டியின் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் தொழிலில் ஒரு வழக்கம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வடிவமைத்த கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருந்தால், அச்சகத்தின் கணினியிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கணினி தன்னிடம் இருக்கும் வேறு ஏதோ ஓர் எழுத்தைப் போட்டு நிரப்பிவிடும். அதனால் அனுப்பும் முன் எழுத்துகளை எல்லாம் வெறும் கோட்டுச் சித்திரமாக மாற்றிவிடுவார்கள். 'கர்வ் பண்றது' என்று பெயர். கர்வ் பண்ணிய பிறகு அது படம். யாரும் மாற்ற முடியாது, எந்தக் கணினியும் கெடுக்க முடியாது. இலவச எழுத்தில் வேலை செய்த நாட்களில் அவள் இதை அவ்வளவாகச் சட்டை செய்ததில்லை. அந்த எழுத்து எல்லா அச்சகத்திலும் இருந்தது. புதிய எழுத்து உலகத்திலேயே அவள் கணினியில் மட்டும்தான் இருந்தது.

அன்று கர்வ் பண்ணி, சரிபார்த்து, அனுப்பும் நேரத்தில் பெரியக்கா கூப்பிட்டாள்.

"கண்ணு, 'தடவவும்'னு இருக்கிறதை 'மெதுவாகத் தடவவும்'னு போட்டுடு."

"அக்கா, எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா."

"ஒரு வார்த்தைதானே. ஒரு வார்த்தைக்கு இந்த மூச்சா?"

படமாகிவிட்டதில் வார்த்தையைச் சேர்க்க முடியாது. பழைய கோப்பைத் திறந்து, எழுத்து எழுத்தாகவே இருக்கும் இடத்தில் 'மெதுவாக' என்று சேர்த்தாள். வரி நகர்ந்தது. இடைவெளிகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து ஃபோன். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. எழுத்தம்மா கோப்பை அனுப்பிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். இரண்டாவது படி ஆடியதுகூட நினைவில்லை என்று பின்னால் சொன்னாள். கர்வ் பண்ணவில்லை என்பதும் நினைவில்லை.

வழக்கமாக அவள் அச்சகத்துக்குப் போய் முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் படுக்கைப் புண், அப்புறம் காய்ச்சல். நாற்காலியிலேயே தூங்கினாள்.

அம்மாவுக்கு உடம்புதான் விழுந்தது, வாய் விழவில்லை.

"நர்ஸு என்னைப் பக்கத்துக் கட்டில்காரின்னு நினைச்சு அவ மாத்திரையக் கொடுக்குறா. நீ வரையுற எழுத்துல என் பேரை எழுதித் தலைமாட்டுல மாட்டேன்."

"மாட்டுறேம்மா."

"ஆமா, நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் அவ மாத்திரையையும் தின்னு அவ வியாதியும் வாங்கிடுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெட்டி வந்துச்சா?"

"வந்திருக்கும்மா. வேற ஊர்ல விக்குது."

"உள்ளூர்ல விக்காத சாமான் எதுக்கு?" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மகளின் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கேட்காமலும் இருந்ததில்லை.

பருவம் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பெரியக்காவும் இருந்தாள். டீ வந்தது. டீ வரும்போதே விஷயம் புரிந்துவிட்டது. நல்ல செய்தியென்றால் அவர் டீ வரும்வரை பொறுத்திருக்க மாட்டார்.

"ஏம்மா, தப்பா நினைக்காத. ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரிதான் போயிருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சேல்ஸ் பசங்களைக் கேட்டேன், கடைக்காரங்களைக் கேட்டேன். 'பெட்டி மாறுச்சா, எப்போ?'ங்கிறாங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இந்தா. உன் எழுத்து. ஞாபகமா வச்சுக்கோ."

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

'ர'வின் பாதம் நேராக இருந்தது. புள்ளிகள் எல்லாம் மேலே ஏறி முந்தின வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. 'ண' கருப்பாக அடைத்துப்போயிருந்தது. 'மெதுவாகத் தடவவும்' என்ற வார்த்தைகள் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன, ஏனென்றால் அவள் விட்ட இடைவெளி வேறோர் எழுத்துக்காக விட்ட இடைவெளி. பெட்டியைத் திருப்பினாள். முன்பக்கமும் அப்படித்தான்.

"இது என் எழுத்து இல்ல சார்."

"என்னது?"

"இது கம்ப்யூட்டரோட சும்மா வர்ற எழுத்து."

அவர் நம்பவில்லை. அவளே அச்சகத்துக்கு ஃபோன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். அச்சுக்குப் பிளேட் போடுகிறவர் எடுத்தார்.

"அண்ணே, தைலப் பெட்டி ஃபைலைத் திறக்கும்போது ஏதாவது கேட்டுச்சா?"

"ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வந்துச்சும்மா. அந்த ஃபான்ட் இல்ல, வேற போடவான்னு. சரின்னு அமுக்குனேன்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேண்ணே."

"தினம் அந்தப் பொட்டி வருதும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஃபோன் பண்ணினா நான் பிளேட் போடுறதா, டெலிபோன் ஆபீஸ் நடத்துறதா?" பிறகு குரல் இறங்கியது. "நீங்கதான் எப்பவும் வந்து முதல் தாளைப் பார்ப்பீங்களே. அதான் தப்பா இருந்தா சொல்லுவீங்கன்னு நினைச்சேன். ஒரு காப்பி இங்க குடுத்து வச்சிருந்தா இந்த வம்பே இல்ல. கேட்டேனே, நீங்கதான் தரல."

ஃபோனை வைத்த பிறகு முதலாளி பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆக, எந்த ஊருக்கும் உன் எழுத்து போகவே இல்ல."

"போகல சார். இன்னொரு தடவை போடுவோம். நானே பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்."

"இரும்மா. இந்தப் பெட்டியை நான் பார்த்தேன். அதுக்குச் சரின்னு சொன்னதே நான். அக்கா பார்த்தா. சேல்ஸ் பசங்க தினம் தூக்கினாங்க. ஒருத்தருக்கும் தெரியல. இது உன் எழுத்து இல்லங்கிறதே தெரியலன்னா, உன் எழுத்தா இருந்திருந்தா மட்டும் தெரிஞ்சிருக்குமா?" அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். "நீ சோதனை நடக்கலங்கற. எனக்கென்னமோ நல்லாவே நடந்திருச்சுன்னு தோணுது."

அவள் பெரியக்காவைப் பார்த்தாள். "அக்கா, நீங்க கண்ணாடி இல்லாம படிச்சீங்களே."

பெரியக்கா சங்கடமாகச் சிரித்தாள். "எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு கண்ணு. ரெண்டு கண்ணும். இப்ப எந்த எழுத்தைப் பார்த்தாலும் நல்லாத்தான் தெரியுது."

முதலாளியின் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இருந்த ஒன்றை எடுத்தால்தான் இல்லாதது தெரியும். ஒருமுறையும் கண்ணில் படாத ஒன்று இல்லாமல் போனதை யார் கவனிப்பார்கள்? கடைக்காரர்கள் அவள் எழுத்தை நிராகரிக்கவில்லை. அவர்களை அது சந்திக்கவே இல்லை. இந்தப் பதில் அவளுக்குப் பேருந்தில் பாதி வழியில் வந்தது. மறுநாள் ஃபோனில் சொன்னாள். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரிதாம்மா. வாதத்துல நீ ஜெயிச்சுட்ட" என்றார். "ஆனா நான் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒன்று நல்லதாக இருப்பது வேறு, அது நல்லது என்று ஊருக்குத் தெரியவருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் பாலம் ஒன்று இருப்பதாக நாம் நம்புகிறோம். சிலருக்கு இருக்கிறது. அவளுக்கு அந்தப் பாலம் ஒரு கணினித் திரையில் 'சரி' என்ற பொத்தானாக வந்து, ஒரு விரலால் அமுங்கிப் போனது. விரலுக்குச் சொந்தக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவள்மேல்கூட முழுவதும் சொல்ல முடியாது. ஊரெங்கும் போய்விடக்கூடாது என்று பொத்திவைத்த எழுத்து, எங்குமே போகாமல் நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

முதலாளி பெட்டியைக் கொடுத்த அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

"கையில என்ன?"

"தைலப் பெட்டி."

"அந்தப் பெட்டியா? குடு."

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நீட்டினாள். அம்மா பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், கட்டைவிரலால் எழுத்துகளின்மேல் தடவினாள்.

"இதுவா நீ வரைஞ்சது?"

மகள் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள், "நல்லாத்தான்டி இருக்கு. ஒவ்வொண்ணும் எப்படி அழகா நிக்குது. இதுக்குத்தான் இத்தனை வருஷம் கழுத்து ஒடிய உட்கார்ந்தியா? பரவால்ல. வீண் போகல."

வாழ்நாளில் முதல் பாராட்டு. தவறான விலாசத்துக்கு வந்துவிட்டது. எழுத்தம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தலையாட்டு, இல்ல வாயைத் திற. அம்மா சொன்னா பிடிக்காதா?"

"பிடிச்சுதும்மா."

"அப்ப எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"தலைவலி."

"கையில தைலம் இருக்கு, தலைவலிங்கறா" என்றாள் அம்மா. பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டினாள். சாகும்வரை காட்டினாள். மகள் திருத்தவில்லை.

வேன் வந்தது. புதுப் பச்சை. பக்கவாட்டில் கம்பெனிப் பெயர், அதே இலவச எழுத்தில், ஸ்டிக்கராக. ஒருநாள் அது டயர் மாற்ற எழுத்தம்மாவின் படிக்கட்டுக்குக் கீழேயே வந்து நின்றது. டிரைவர் அவளைக் கம்பெனியில் பார்த்திருக்கிறார்.

"அக்கா, நீங்கதானே பெட்டியெல்லாம் டிசைன் பண்றது? உங்ககிட்டயாவது சொல்றேன். போற இடமெல்லாம் எங்கிட்ட எலி மருந்து கேக்குறாங்க."

"எலி மருந்தா?"

"அவங்களும் பச்சை வண்டி விட்டிருக்காங்க. பெட்டியும் பச்சைக்கு மாத்திட்டாங்க. எழுத்தும் அதே மாதிரி. நேத்து ஒரு கடைக்காரர் நம்ம தைலத்தை எலி மருந்து வரிசையில அடுக்கி வச்சிருக்கார். எடுத்துத் தலையில தடவினா வலி போகும், வாயில போட்டா உயிரே போகும், ரெண்டும் ஒரே ஷெல்ஃபு!" அவர் சிரித்தார். டயர் கடைக்காரர்களும் சிரித்தார்கள்.

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'அவன் பச்சைக்கு வந்துட்டானா? அப்ப நம்ம வண்டிக்கு மஞ்சள் அடிச்சிடு'ன்னார்."

அவளுக்கு ஒரு நிமிஷம், கம்பெனிக்குப் போகலாம் என்று தோன்றியது. அந்தப் பெட்டிகளை மறுபடி வரிசையாக வைத்து, 'இதுல உங்களது எது சார்?' என்று கேட்கலாம். இந்த முறை அவர் விரல் தயங்கும். அதற்கப்புறம்? தயங்கிய விரல் நேராகப் பெயின்ட் கடைப் பட்டியலில் போய் நிற்கும். தான் சொன்னது சரியென்று நிரூபணமாவதில் ஒரு சந்தோஷம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். கீழே நின்று பார்த்தபோது அது வெறுமனே ஒரு வேன்.

வண்டியோடு பெட்டியும் மஞ்சளுக்கு மாறியது; அதை வடிவமைக்கும் வேலை அவளுக்கே வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து வரைவதை அவள் எந்த நாளில் நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. தடித்த வகையில் 'க' முதல் 'த' வரை வரைந்த கோப்பு ஒன்று இருந்தது, அதற்கு மேல் திறக்கப்படவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதங்கள் புழுக்கத்தில் ஓரம் சுருண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்ததை மறுபடி ஒட்டவில்லை.

பெட்டியில் அந்த இலவச எழுத்தைப் போட்டாள். போட்ட பிறகு பார்த்தால் 'ர'வுக்கும் 'ட'வுக்கும் நடுவில் ஒரு பல் விழுந்த இடைவெளி. பழக்க தோஷம்; கையால் நகர்த்தி நெருக்கினாள். புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. அது யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் பெருமையும் இல்லை.

முடிக்கும் நேரத்தில் பெரியக்கா கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்த 'மெதுவாக'வை எடுத்துடலாம்னு பார்க்கறேன். இடம் அடைக்குது."

"சரிக்கா."

வார்த்தையை எடுத்தாள். வரி மொத்தமும் நகர்ந்து, நெருக்கியிருந்ததெல்லாம் பழையபடி விலகிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினாள். கர்வ் பண்ணவில்லை. பண்ண வேண்டியதில்லை. அந்த எழுத்து எல்லா இடத்திலும் இருக்கிறது.